கம்பிக்குப் பின்னால் ஒற்றைக் காலில் நின்றவர்

அத்தை,

இன்று காலை காப்பியை எடுத்துக்கொண்டு பால்கனிக்கு வந்தேன். எதிர்வீட்டுக் கொடியில் ஒரு பைஜாமாவும் சட்டையும் காய்ந்துகொண்டிருந்தன. பட்டை பட்டையாகக் கோடு போட்ட துணி. சட்டையை இரண்டு தோளிலும் கிளிப் போட்டு மாட்டியிருந்தார்கள். தெருவில் சிமெண்ட் லாரி ஒன்று போக, அந்தக் காற்றில் அது ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. பாங்கில் வேலை பார்க்கிற பையன், தின்று கொழுத்தவன், அவன் போட்டுக்கொண்டு தூங்குகிற துணி அது. இருந்தும் கையிலிருந்த காப்பியை முந்தானையில் கொட்டிக்கொண்டேன். மகள் ஓடி வந்து, சுகர் குறைந்துவிட்டதா என்று கேட்டாள். உங்களைப் பற்றி அவளிடம் எங்கிருந்து ஆரம்பிப்பது? அதனால்தான் உங்களுக்கே எழுதுகிறேன்.

பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எனக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. ஹிட்லர் காலத்தில் யூதர்களை அடைத்துவைத்துக் கொன்ற முகாம்களைப் பற்றி வந்த படம் எது கிடைத்தாலும் பார்த்துவிடுவேன். முதலில் திருச்சியில் தியேட்டருக்குப் போய்ப் பார்த்தேன், அப்புறம் டிவியில், இப்போது மகள் போனில். பாஷை புரியாவிட்டாலும் விடமாட்டேன். "அழறதுக்குன்னே உக்காருவியாம்மா?" என்று அவளுக்கு எரிச்சல். அழுவதற்காக நான் உட்காருவதில்லை. தேடுவதற்காக உட்காருகிறேன். அதைச் சொன்னால் என்னை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய்விடுவாள்.

பார்த்துப் பார்த்து அந்தப் படங்களின் தொழில் எனக்குப் பிடிபட்டுவிட்டது. முதலில் ரயில் வரும். அப்புறம் புகைபோக்கி. அதிகாரி என்றால் பூட்ஸ் பளபளக்கும். நாயைத் தடவிக் கொடுப்பான், நல்ல சங்கீதம் கேட்பான். கைதிகளில் ஒருவனுக்கு மட்டும் பெயர், பெண்டாட்டி, பேச நாலு வார்த்தை. அவன் பிழைப்பானா மாட்டானா என்று நாம் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அவனுக்குப் பின்னால் நிற்கிற கூட்டத்துக்கு எலும்பும் கோடு போட்ட துணியும்தான். அவர்களைச் சுவர் மாதிரி நிறுத்தி வைத்துவிடுகிறார்கள். நான் பார்ப்பது அந்தச் சுவரை.

இன்னொன்றும் உண்டு. செத்தவர்களைக் காட்ட மனசு வராத இடத்தில் செருப்பைக் காட்டுவார்கள். பெரியவர் செருப்பு, குழந்தை செருப்பு எல்லாம் குவிந்து கிடக்கும். முகத்தைக் காட்டினால் நாம் திரும்பிக்கொள்வோம். செருப்பைக் காட்டினால் அந்தக் காலை நாமே நினைத்துப் பார்ப்போம். வித்தை தெரிந்தவர்கள்தான் எடுத்திருக்கிறார்கள், நானும் அழுதிருக்கிறேன், குறை சொல்லவில்லை. ஆனால் நம் பக்கத்திலிருந்து மலாயாவுக்குப் போய், சயாம் காட்டில் ஜப்பான்காரனுக்கு ரயில் பாதை போட்டுச் செத்தார்களே, அவர்களில் முக்கால்வாசிப் பேர் காலில் செருப்பே போட்டதில்லை. அவர்களுக்கு எதைக் குவித்துக் காட்டுவது? அதை எடுக்கத்தான் யார் வந்தார்கள்?

உங்கள் மகன் என்னைக் கட்டிக்கொண்டு ஒரு மழைக்காலம்கூட முழுதாக வீட்டில் இல்லை. பினாங்கில் ஒரு துணிக்கடையில் ஆள் வேண்டும் என்று சொந்தக்காரர் எழுதினார், நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிவிட்டார். யுத்தம் அந்தப் பக்கம் வராது என்று எல்லோரும் சொன்னார்கள். அடுத்த கிறிஸ்துமஸுக்குள் ஜப்பான்காரன் அங்கே வந்துவிட்டான். அதற்குப் பிறகு கடுதாசி இல்லை, ஆள் மூலம் சேதி இல்லை. உடையார்பாளையத்துக்குக் கிழக்கே, முந்திரிக் கொல்லைகளுக்கு நடுவில் அந்த வீட்டில் நீங்களும் நானும் மட்டும் மிஞ்சினோம். உங்களுக்கு முன்னமே புருஷன் இல்லை. எனக்கு இருக்கிறாரா இல்லையா என்று தெரியவில்லை.

ஊரில் மாமியார் மருமகள் சண்டை என்றால் நம் வீட்டைத்தான் காட்டுவார்கள். முந்திரிக்கொட்டை சுடும்போது நான் ஒரு சட்டிக் கொட்டையைக் கரியாக்கியதற்கு நீங்கள் ஒரு வாரம் பேசவில்லை. ஆனாலும் மீனில் நடுத்துண்டு என் தட்டில்தான் விழும். "சவரி வந்து எலும்பும் தோலுமா பாத்தா என்னைய வெட்டிப் போட்டுடுவான், தின்னு" என்பீர்கள். எனக்காக அல்ல, மகனுக்காகத்தான் ஊட்டுகிறீர்கள் என்று அப்போது எனக்குக் கோபம் வரும்.

ஜப்பான் தோற்றுவிட்டது என்று சேதி வந்த ஆவணி மாதம், உடையார்பாளையத்தில் டூரிங் டாக்கீஸ் கொட்டகை போட்டிருந்தார்கள். நீங்கள் சினிமா கொட்டகைப் பக்கம் தலை வைத்துப் படுக்காதவர். அது பிசாசின் வீடு என்று நம் கோயில் சாமியார் பூசைப் பிரசங்கத்தில் சொல்வதைக் கேட்டு வளர்ந்தவர். ஆனால் படத்துக்கு முன்னால் சர்க்கார் யுத்தச் செய்தி காட்டுகிறார்கள், பிடிபட்டிருந்த ஆட்களை மீட்டதெல்லாம் வருகிறது என்று முந்திரி வாங்க வந்தவன் சொல்லிவிட்டான். அன்றைக்கே செபமாலையை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள். நான் பின்னாலேயே ஓடி வந்தேன்.

பெண்கள் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தோம். செய்திப் படம் ஓடும்போது யார் அங்கே காது கொடுக்கிறார்கள்? முறுக்கு விற்கிறவன் ஒரு பக்கம், இடம் பிடிக்கிற சண்டை ஒரு பக்கம். திரையில் கப்பல் போயிற்று, சிப்பாய்கள் நடந்தார்கள். அப்புறம் ஒரு கம்பி வேலி வந்தது. வேலிக்குப் பின்னால் ஆட்கள். மொட்டைத் தலை, கோடு போட்ட துணி, குச்சி மாதிரி கை. ஒரு பக்கம் பிணங்கள் விறகு அடுக்கிய மாதிரி கிடந்தன. கொட்டகையில் முறுக்குக்காரன்கூட வாயை மூடிவிட்டான். நான் கண்ணைப் பொத்திக்கொள்ளப் போனேன். நீங்கள் என் முழங்கையைப் பிடித்தீர்கள். வேலியோரம் ஒரு மனிதன், இடது காலை மடக்கி வலது கெண்டைக்காலில் வைத்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றான். தலையைத் தூக்கி நம்மைப் பார்த்தான். உடனே குனிந்துகொண்டான். படம் வேறு எங்கோ போய்விட்டது.

"சவரி" என்றீர்கள். சத்தமாகக்கூட இல்லை. வாசலில் வந்து நிற்கிற மகனைக் கூப்பிடுகிற மாதிரி சொன்னீர்கள்.

ஒற்றைக் காலில் கொக்கு மாதிரி நிற்பது உங்கள் மகனுக்குச் சின்ன வயசுப் பழக்கமாம். எனக்குத் தெரியாது, அத்தை. உண்மையைச் சொல்கிறேன், அவர் முகமே எனக்குச் சரியாகத் தெரியாது. பகலில் புருஷனை நிமிர்ந்து பார்க்கிற வழக்கம் நமக்கு ஏது? விளக்கு வெளிச்சத்தில் பார்த்த மூக்கும், எண்ணெய் வைத்த தலையும், தோளில் ஒரு தழும்பும்தான் எனக்கு மிச்சம். திரையில் நின்றவனுக்குத் தலைமுடியே இல்லை. பட்டினி கிடந்தால் எல்லோருக்கும் ஒரே மூக்கு, ஒரே கன்னம் ஆகிவிடுகிறது. நான் எதை வைத்து ஆம் என்பேன், எதை வைத்து இல்லை என்பேன்?

ஆனால் திரைக்குப் பின்னாலிருந்து பேசிய குரல் ஜெர்மனி என்று சொன்னது என் காதில் விழுந்திருந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சண்டை போட்டேன்.

"ஜெர்மனி எங்கடி இருக்கு? மலாயாவுக்கு அந்தாண்டயா, இந்தாண்டயா?" என்று கேட்டீர்கள்.

உலகத்துக்கே அந்தாண்ட என்றேன். அவர்கள் வெள்ளைக்காரர்கள் என்றேன்.

"ஜெர்மனியும் ஜப்பானும் கூட்டாளின்னு பேப்பர் படிச்சு நீதான சொன்ன? இவன் புடிச்ச ஆள அவங்கிட்ட அனுப்பமாட்டானா? வெள்ளைக்காரன்னு எதைப் பாத்து சொல்ற? படத்துல நீயும் நானும் நின்னாலும் சாம்பக் கலராத்தான் தெரிவோம்."

எட்டாவது வரை கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள் நான், சண்டையை விட்டுவிட்டு உங்கள் பின்னால் நடந்தேன். கறுப்பு வெள்ளைப் படத்தில் எல்லோரும் சாம்பல்தான். பெயர் இல்லை, ஊர் இல்லை, நிறமும் இல்லை. நிற்கிற ஒரு கால் மட்டும் இருக்கிறது, அதை அடையாளம் கண்டுகொள்ள ஒரு தாய் இருக்கிறாள். இத்தனை வருஷம் படம் பார்த்தும் இதற்கு மேல் நான் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை.

அதிலிருந்து தினம் கொட்டகைக்குப் போனீர்கள். செய்திப் படம் முடிந்து உண்மையான சினிமா ஆரம்பிக்கும்போது எழுந்து வந்துவிடுவீர்கள். "பெரியம்மா, படமே இப்பத்தான் ஆரம்பிக்குது" என்று கேட்டில் நிற்கிறவன் சிரிப்பான். அவனுக்கு மடியிலிருந்து ஒரு கை முந்திரிப்பருப்பு கொடுத்துவிட்டு நடப்பீர்கள். ஊரில் சிலர் நம்பினார்கள், சிலர் கிழவிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள். எதையும் காதில் வாங்காமல் நீங்கள் எனக்குப் பூ வாங்கி வைத்தீர்கள். "கட்டுனவன் உசுரோட இருக்கான், தலைய விரிச்சுப் போட்டுட்டுத் திரியாத" என்று சொல்லி இழுத்துப் பின்னினீர்கள். வலித்தது. சந்தோஷமாகவும் இருந்தது, மறைக்கமாட்டேன்.

பிறகு அங்கே வேறு செய்திப் படம் போட்டுவிட்டார்கள். அந்தப் படப்பெட்டி அரியலூர் கொட்டகைக்குப் போயிருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, கரியில் ஓடுகிற பஸ்ஸில் என்னையும் ஏற்றிக்கொண்டு போனீர்கள். ஆட்டம் தொடங்கும் முன்னால் நேராக மிஷின் ஓட்டுகிற அறைக்குப் போய் நின்றீர்கள். ஆபரேட்டர் பனியனோடு உட்கார்ந்திருந்தார், முகமெல்லாம் வேர்வை. அந்த ஆள் வரும்போது படத்தைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லிக் கேட்டீர்கள். ஒரு தடவை முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டால் போதும், அப்புறம் தொந்தரவு பண்ணமாட்டேன் என்றீர்கள்.

அவர் விரட்டவில்லை. எழுந்து நின்று சொன்னார். "நிறுத்த முடியாதும்மா. ஓடிக்கிட்டே இருந்தாத்தான் ஃபிலிமு தாங்கும். நிறுத்துனா அந்தச் சூட்டுல அந்த எடத்துலயே பத்திக்கும். நீங்க பாக்கணும்ங்கற மொகந்தான் மொதல்ல எரியும்."

நீங்கள் சரி என்று தலையாட்டிவிட்டு வந்து மணலில் உட்கார்ந்தீர்கள். அன்றைக்கு அவன் வந்தான், பார்த்தான், குனிந்தான், போய்விட்டான். அதுதான் கடைசி. பஸ்ஸில் திரும்பி வரும்போது, "எரிஞ்சுட்டா அப்புறம் மத்தவங்களும் பாக்க முடியாதுல்ல, வேற தாயி யாராச்சும் தேடி வருவா" என்றீர்கள். மகன் அவன்தான் என்று நம்பிக்கொண்டே இன்னொரு தாய்க்கும் அவனைப் பங்கு வைத்த மனசு உங்களுடையது. அது எனக்கு அப்போது விளங்கவில்லை.

என் அப்பா ஏலாக்குறிச்சிப் பக்கம் உபதேசியார், கோயிலில் மந்திரம் சொல்லிக் கொடுக்கிறவர். அவர் வந்து உங்களுக்கு எடுத்துச் சொன்னார். படத்தில் வந்தவர்கள் யூதர்கள், பெரிய வெள்ளிக்கிழமை நாம் வாசிக்கிறோமே, ஆண்டவரைப் பாடுபடுத்தினவர்கள், அந்த சனம் என்று ஆரம்பித்தார். நீங்கள் புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தீர்கள். மாதா எந்த சனம் என்று கேட்டீர்கள். அப்பா தயங்கி, மாதாவும் யூத ஸ்திரீதான் என்றார். அப்படியானால் அது மாதா வயிற்றுப் பிள்ளைகள், பெரிய வெள்ளிக்கிழமை சிலுவையிலிருந்து இறக்குகிற சுரூபத்தில் தெரிகிற அதே விலா எலும்பைத்தான் நான் பார்த்தேன், அவர்களோடு என் மகன் நின்றால் என்ன குறைந்துவிட்டது என்று கேட்டீர்கள். மந்திரம் சொல்லிக் கொடுக்கிறவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். சில படங்களில் செத்தவனைத் தாய் மடியில் கிடத்தி அப்படியே அசையாமல் காட்டுவார்கள். யாருடைய மடியை நினைத்து எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியும்.

அடுத்த வருஷம் ஜெயங்கொண்டத்துக்காரர் ஒருவர் மலாயாவிலிருந்து உயிரோடு திரும்பினார். உங்கள் மகனையும் அவரையும் ஒரே ரயிலில் ஏற்றி சயாமுக்குக் கொண்டுபோனார்களாம். காட்டில் பேதி கண்டது. பேதி கண்டவர்களைத் தனிக் குடிசையில் போட்டார்கள், அங்கே போன யாரும் எழுந்து வரவில்லை, உங்கள் மகனையும் அங்கே தூக்கிக்கொண்டு போனார்கள் என்றார். செத்ததைக் கண்ணால் பார்த்தாரா என்று கேட்டீர்கள். இல்லை என்றார். "அப்ப போயிட்டு வாங்க" என்று சொல்லி மோர் கொடுத்து அனுப்பினீர்கள்.

அந்தச் சமயத்தில்தான் நம் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் புது வாத்தியார் வந்தார். உங்களுக்குத் தெரியாததா, பிறகு என் வீட்டுக்காரர் ஆனவர். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக் கொடுக்க நான் அங்கே போய்க்கொண்டிருந்தேன். அவர் என் அப்பாவிடம் பெண் கேட்டு அனுப்பினார். எனக்கு ஆசை இருந்தது, அத்தை. சின்ன வயசு. பக்கத்து வீட்டுக் குழந்தையை மடியில் வாங்கினால், அதன் தாய் வந்து கேட்கும் வரை கொடுக்க மனசு வராது. அதை நீங்கள் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள்.

ஆனால் நம் சபையில் புருஷன் செத்தது நிச்சயப்படாமல் பெண்ணுக்கு மறு மந்திரம், மறு கல்யாணம், கிடையாது. ஜெயங்கொண்டத்துக்காரர் சொன்னதைச் சாமியார் எழுதிக்கொண்டார். நியாயமான மனுஷர். அவர் கை கட்டப்பட்டிருந்தது. பெற்ற தாயே மகனை உயிரோடு பார்த்ததாக ஊரெல்லாம் சொல்கிறாள், அதுவும் அந்தச் சயாம் காட்டுக்குப் பிறகு. அதை வைத்துக்கொண்டு மேலே இருக்கிற பிஷப்புக்கு, மேற்றிராணியாருக்கு, உத்தரவு கேட்டு எப்படி எழுதுவது என்று கேட்டார். உங்களைக் கூப்பிட்டு விசாரிப்பதைத் தவிர வேறு வழியில்லை என்றார். அப்பா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். எனக்கும் ஆசை விட்டுப் போயிற்று. உங்களால் மகனை விட முடியாது என்று எனக்குத் தெரியும். நீங்கள் விடவேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை.

மத்தியானப் பொழுது, கோயிலில் பீடத்துக்குக் கீழே ஒரு மேசை போட்டிருந்தார்கள். மேசையில் பாடுபட்ட சுரூபம், சிலுவையில் தொங்குகிற ஆண்டவர். சாமியார், அப்பா, நான், நீங்கள். பொய்ச் சத்தியம் சாவான பாவம், செய்ததற்கு மனம் வருந்தி, மனஸ்தாபப்பட்டு, சாமியாரிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணாமல் செத்தால் நரகம் என்று சாமியார் நிதானமாக எடுத்துச் சொன்னார். சுரூபத்தின் மேல் வலது கையை வைத்தீர்கள்.

"நீங்க படத்துல பாத்தது உங்க மகனா, அம்மா?"

"இல்ல சாமி. அது என் புள்ள இல்ல. கெழட்டுக் கண்ணு, தப்பாத் தெரிஞ்சுபோச்சு."

"நிச்சயமா?"

"பெத்தவளுக்குத் தெரியாதா?"

நான் உங்கள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஆடவில்லை. வீட்டுக்கு வந்து கருவாட்டுக் குழம்பு வைத்தீர்கள். தாலியைக் கழற்றும்போது நீங்கள்தான் முடிச்சை அவிழ்த்தீர்கள், பல்லால் கடித்து அவிழ்த்தீர்கள், இறுகிப் போயிருந்தது. மேற்றிராணியார் உத்தரவு வந்ததும் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் எங்கள் கல்யாண ஓலை வாசித்தார்கள். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று வாசிக்கும்போதெல்லாம் ஊரே திரும்பி உங்களைப் பார்த்தது. நீங்கள் செபமாலை உருட்டிக்கொண்டிருந்தீர்கள். உங்களுக்குத் தெளிந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும்தான் நினைத்தேன்.

கல்யாணப் பூசையில் நன்மை, ஆண்டவரின் அப்பம், வாங்க எல்லோரும் பீடத்துக்குப் போனபோது நீங்கள் வரவில்லை. துக்கம் என்று விட்டுவிட்டேன். அடுத்த ஞாயிறும் வரவில்லை. நள்ளிரவிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்தால்தானே அப்போது நன்மை வாங்கலாம்? "வாய் கொப்புளிச்சேன், தண்ணி உள்ள போயிடுச்சு" என்றீர்கள். அதற்கடுத்த ஞாயிறும் தண்ணீர் உள்ளே போனது. ஈஸ்டருக்கு ஊரில் சாராயம் விற்கிறவன்கூடப் பாவசங்கீர்த்தனம் பண்ணி நன்மை வாங்கினான். நீங்கள் கடைசித் தூணுக்குப் பின்னால் முட்டி போட்டுக்கொண்டே இருந்தீர்கள். சாவான பாவத்தோடு நன்மை வாங்கக் கூடாது என்பது அன்றைக்குத்தான் எனக்கு மண்டையில் ஏறிற்று.

வீட்டுக்கு வந்து உங்களைப் பிடித்துக்கொண்டேன். அன்றைக்குச் சுரூபத்தின் மேல் கை வைத்து நீங்கள் சொன்னது என்ன என்று கேட்க வாயெடுத்தேன். கேட்டு முடிக்கவிடவில்லை நீங்கள்.

"வாய மூடு. வயித்துல புள்ளய வச்சுக்கிட்டு என்ன கேள்வி கேக்கற?"

நான் என்ன செய்திருக்க வேண்டும், சொல்லுங்கள். நீங்கள் சொன்னது பொய்யே இல்லையே! அந்த மனிதன் ஜெர்மனியில் நின்றவன், யாரோ ஒரு யூதத் தாயின் மகன். உங்கள் மகன் சயாம் காட்டில் குடிசைக்குள் போனவர். உண்மையைத்தான் சத்தியம் பண்ணினீர்கள். அதைப் பொய் என்று நீங்கள் மட்டும் நம்பிக்கொண்டு, ஆண்டவருக்கு முகம் கொடுக்காமல் தூணுக்குப் பின்னால் ஒளிந்திருந்தீர்கள். நான் உங்களை உட்காரவைத்து, வரைபடம் காட்டி, அது அவர் இல்லை என்று நம்பவைத்தால் உங்கள் பாவம் போய்விடும். ஆனால் அந்த நிமிஷமே உங்கள் மகன் செத்துவிடுவார். அவரை என் கையால் கொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன். ஊர் உங்களை நன்மை வாங்காத கிழவி என்றது. அதையும் கேட்டுக்கொண்டு இருந்தேன்.

என் மகள் நடக்கப் பழகிய வருஷம் நீங்கள் படுத்துவிட்டீர்கள். நாற்பதுகள் முடிகிற சமயம், மார்கழிப் பனி. நெஞ்சில் சளி கட்டிவிட்டது. என் வீட்டுக்காரர் சாமியாரைக் கூட்டிவரப் போயிருந்தார். காலை வெயில் உங்கள் கால்மாட்டில் விழுந்துகொண்டிருந்தது. இனி பொறுக்க முடியாது என்று உங்கள் காதருகே குனிந்து சொன்னேன். அது அவர் இல்லை அத்தை, சத்தியமாக இல்லை, நீங்கள் பொய் சொல்லவில்லை, பாவசங்கீர்த்தனம் பண்ணி நன்மை வாங்கிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன்.

நீங்கள் தண்ணீர் கேட்டீர்கள். இரண்டு வாய் குடித்தீர்கள். என் தாடையைப் பிடித்துத் திருப்பினீர்கள்.

"மனஸ்தாபப்பட்டாத்தான பாவசங்கீர்த்தனம்? எனக்கு மனஸ்தாபம் இல்லடி. நீ நல்லா இருக்க. அவனும் உசுரோட இருக்கணும். அது அவன் இல்லன்னு நீ சொல்லாத. நரகமோ கிரகமோ, அத நான் பாத்துக்கறேன்."

சாமியார் வந்தார். பாவசங்கீர்த்தனம் பண்ண விருப்பமா என்று கேட்டார். நீங்கள் வாயை இறுக மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டீர்கள். பேச்சு நின்றுபோய்விட்டது என்று நினைத்து அவர் அவஸ்தை பூசினார், நெற்றியிலும் கையிலும் எண்ணெய் வைத்தார். பேச்சு நிற்கவில்லை என்று எனக்கு மட்டும் தெரியும். நான் சொல்லவில்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்குள் போய்விட்டீர்கள்.

அத்தை, ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். கல்லறைத் திருநாளுக்குச் செத்தவர்கள் பெயரை எழுதிக் கொடுத்தால் பூசையில் வாசிப்பார்கள். வருஷா வருஷம் என் அப்பா பெயர் கொடுப்பேன், என் வீட்டுக்காரர் போன பிறகு அவர் பெயர் கொடுக்கிறேன், முதலில் உங்கள் பெயர். வாங்குகிற உபதேசியார் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களில் யாராவது பழைய கதை தெரிந்தவர், "மொத வீட்டுக்காரர் பேரும் சேத்துக்கலாமாம்மா, சவரிமுத்துதான?" என்று கேட்பார். இந்த வருஷமும் கேட்டார்கள். சாகாத மனுஷனுக்கு எதற்குப் பூசை என்று சொல்லிவிட்டு வந்தேன். அவருக்கு இப்போது தொண்ணூறைத் தாண்டியிருக்கும். இருக்கட்டும்.